பதினாறு பக்கக் களம்: மவுண்ட் வெர்னன் பண்ணைக் கட்டடம் ஒன்றைப் பற்றிய திறனாய்வு

முன்னுரை

'முன்மாதிரிப் பண்ணை' என்னும் தொடரில் உள்ள 'மாதிரி' என்ற சொல் தமிழில் இருபொருள் தரவல்லது. பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டு என்பது ஒரு பொருள். உண்மைப் பொருளைப்போல் தோன்றச் செய்யப்பட்ட போலி உரு என்பது மற்றொரு பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நிலவுடைமையாளர்களும் அரச குடும்பத்தாரும் தத்தம் மாளிகைகளைச் சார்ந்த நிலங்களில் எழுப்பிய பண்ணைக் கட்டடங்களுள் இவ்விரு பொருளுக்கும் உரியன உண்டு. பிரான்சு நாட்டு வெர்சாயில் அரசி மேரி அந்துவானெத்துக்காக ரிஷார் மீக் என்னும் கட்டடக் கலைஞர் 1783 முதல் அமைத்த சிற்றூர், கண்ணுக்கு இனிய காட்சியாகவே பெரிதும் கருதப்பட்டது. இங்கிலாந்தின் ஹோக்கம் பண்ணையில் சாமுவேல் வயட் அமைத்த பெருங்கொட்டகையும், விம்போலில் ஜான் சோன் 1794-இல் வரைந்த பண்ணைக் கட்டடங்களும் உண்மையான வேளாண் பயன்பாட்டை நோக்கியவை. எனினும், இவை யாவும் தேர்ந்த கட்டடக் கலைஞர்களின் கைவண்ணமே.

அவ்வாறு அல்லாமல், நிலத்தின் உடைமையாளரே தம் கையால் வரைந்து, தம் நிலத்திலிருந்து பல நாள் பயணத் தொலைவில் இருந்துகொண்டு கடிதங்களின் வாயிலாகவே கட்டி முடித்த ஒரு பண்ணைக் கட்டடம் அமெரிக்காவில் உண்டு. வர்ஜீனியா மாநிலத்து மவுண்ட் வெர்னனில், ஜார்ஜ் வாசிங்டனுக்கு உரிய டோக் ரன் பண்ணையில், 1792-க்கும் 1795-க்கும் இடையில் எழுந்த பதினாறு பக்கக் கொட்டகையே அது. கோதுமைக் கதிரைக் குதிரைகளைக் கொண்டு மிதிக்கச் செய்து மணியைப் பிரித்தெடுக்கும் களமும், அம்மணியைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த கட்டடம் இது. இதனைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இதன் பொறியியல் நுட்பத்தையே போற்றியுள்ளனர். அப்போற்றுதல் தகுதியுடையதே. ஆயினும், அந்நுட்பம் எவற்றைக் கருத்திற் கொண்டது, எவற்றைக் கருத்திற் கொள்ளாமல் விட்டது என்னும் வினாவையும் சேர்த்து எழுப்பினாலன்றி இக்கட்டடத்தை நாம் முழுமையாகப் படித்தவர்களாக மாட்டோம். அவ்வகைப் படிப்பு ஒன்றை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்களத்தின் குறைகள்

வாசிங்டனின் நிலம் ஏறத்தாழ 8,000 ஏக்கர் பரப்பில் ஐந்து பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1760-களில் அவர் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமையை முதன்மைப் பயிராகக் கொண்டார். புகையிலைக்கு வேண்டிய பணிகள் வேறு, கோதுமைக்கு வேண்டிய பணிகள் வேறு. அறுவடைக்குப்பின் கதிரிலிருந்து மணியைப் பிரிப்பதே கோதுமை வேளாண்மையின் பெருஞ்சிக்கல். ஆங்கிலேய உழவர் கொட்டகைக்குள் கதிரைப் பரப்பிக் கோல்கொண்டு அடித்து மணி உதிர்ப்பர். வர்ஜீனியாவிலோ வெட்டவெளியில் வட்டமாகக் கதிரைப் பரப்பிக் குதிரைகளை அதன்மேல் சுற்றி ஓட்டுவது வழக்கமாக இருந்தது.

இம்முறை தமிழருக்குப் புதியதன்று. கதிரை அடித்தபின் எஞ்சிய மணியை உதிர்க்க மாடுகளைப் பிணைத்துச் சுற்றிவரச் செய்வதைப் பிணையல் என்றும் போரடித்தல் என்றும் நாம் வழங்கி வந்துள்ளோம். களம் செப்பனிடுதல், சாணம் மெழுகுதல், தூற்றுதல், பதர் பிரித்தல், பொலி காணுதல் எனக் களத்தைச் சுற்றியே ஒரு சொல்வளம் நம்மிடம் உண்டு. ஆகவே, வெட்டவெளிக் களத்தின் குறைகளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் மணி முளைத்துவிடும். விலங்கின் சாணமும் மண்ணும் தானியத்தோடு கலக்கும். குளம்படியில் சிக்கிய மணி மண்ணுக்குள் புதையும். வாசிங்டனின் கோதுமை வெறும் உணவுத் தானியமன்று. 1771-இல் அவர் கட்டிய மாவு ஆலையில் அரைபட்டுச் சந்தைக்குச் செல்லும் விற்பனைப் பொருளும் ஆகும். மண் கலந்த கோதுமை அவருக்கு நேரடி இழப்பு.

இங்கிலாந்து முறையையே பின்பற்றிவிடலாம் என்பதுதான் அவரது முதல் எண்ணமாக இருந்தது. ஆங்கில வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங்கோடு 1786 முதல் அவர் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். யங் அனுப்பிய வரைபடத்தைத் தழுவிச் செங்கற்கொட்டகை ஒன்றை, பின்னாளில் யூனியன் பண்ணை எனப் பெயர் பெற்ற நிலத்தில் எழுப்பினார். அமெரிக்காவில் அதற்கு நிகரானது இல்லை எனத் தாமே பெருமையுறும் அளவிற்கு அக்கொட்டகை அமைந்தது. முப்பது பேர் எளிதாக நின்று கதிரடிக்கக்கூடிய இடவசதி அதற்குள் இருந்தது.

ஆனால், 1793-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பிய வாசிங்டன் அங்குக் கண்ட காட்சி வேறு. கதிரடிப்பதற்கென்றே கொட்டகைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த கோதுமை மீண்டும் வெளியே கொண்டுவரப்பட்டிருந்தது. கொட்டகை வாயிலிலிருந்து முப்பதடிகூட இல்லாத தொலைவில் மண்களம் ஒன்றை அமைத்து, குதிரைகளைக் கொண்டு வெட்டவெளியில் மிதிக்கவிட்டுக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஹென்றி லீக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதனைப் பெருஞ்சலிப்போடு குறிப்பிடுகின்றார். அதே கடிதத்தில், புதிதாக வந்துகொண்டிருந்த கதிரடி இயந்திரங்களைப் பற்றியும் ஐயம் தெரிவிக்கின்றார். அறியாமை மிக்க மேற்பார்வையாளரிடமும் கவனமற்ற அடிமைகளிடமும் ஒப்படைத்தால் சிக்கலான பொறி எதுவும் காளான் வாழும் காலத்தைவிட அதிகமாக நிலைக்காது என்பது அவர் கருத்து. நியூயார்க்கில் அத்தகைய பொறி ஒன்று இயங்குவதை 1790-இலேயே அவர் நேரில் பார்த்திருந்தார் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நிகழ்ச்சியை வாசிங்டனின் கண்கொண்டே பார்த்தல் எளிது. வேலையாட்களின் சோம்பலே காரணம் என அவர் கருதினார். அவரைப் பின்பற்றி எழுதியோரும் பெரும்பாலும் அவ்வாறே கருதினர். ஆனால் கதிரடிக்கும் கோலைக் கையில் எடுத்து நாள் முழுவதும் ஓங்கியடிக்க வேண்டியவர் நிலையிலிருந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். குதிரை மிதிப்பது விரைவானது. மனித உடலின் உழைப்பைக் குறைப்பது. கூலியும் இல்லை, விடுதலையும் இல்லை என்னும் நிலையில் உள்ளோர் தம் தோளைக் காத்துக்கொள்ளத் தேர்ந்த வழியைச் சோம்பல் என்னும் ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

வடிவம் பிறந்த வகை

டோக் ரன் கொட்டகைக்கான வரைபடத்தை வாசிங்டன் 1792 அக்டோபரில் பிலடெல்பியாவிலிருந்து தம் பண்ணை நிருவாகி அந்தோணி விட்டிங்கிற்கு அனுப்பினார். அப்பொழுது அவர் நாட்டின் அதிபர். எனவே, மேற்கூறிய 1793-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இவ்வரைபடத்தின் காரணமாகக் கொள்ள இயலாது. வரைபடம் எந்தச் சூழலுக்கு விடையாக வரையப்பட்டதோ அச்சூழலுக்குச் சான்றாகவே கொள்ளவேண்டும். அச்சூழல் இதுதான்: வேலையாட்களை இங்கிலாந்து முறைக்கு மாற்ற இயலவில்லை, அவர்களுடைய பழக்கமோ வெட்டவெளியில் இருந்தது. அப்பழக்கத்தையே கூரைக்குள் கொண்டுவருவது என முடிவெடுத்த நிலையில்தான் கட்டடம் புதுவடிவம் பெறுகின்றது. யங்கின் கொட்டகை வேலையாட்களைத் திருத்த முயன்றது. பதினாறு பக்கக் கொட்டகையோ அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. வாசிங்டன் இதனை இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். எனினும் கட்டடம் ஒப்புக்கொள்கின்றது.

வடிவத்தின் தருக்கம் மிகத் தெளிவானது. சுற்றி ஓடும் குதிரைக்கு மூலைகள் தடையாகும். ஆகவே வட்டம் வேண்டும். மரத்தாலும் செங்கல்லாலும் உண்மையான வட்டத்தைக் கட்டுவதோ கடினம். வளைந்த உத்திரம் எளிதிற் கிட்டாது. பதினாறு நேர்ப்பக்கங்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீர்வு. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 அடி. கட்டடத்தின் குறுக்களவு ஏறத்தாழ 52 அடி. பக்கங்கள் சந்திக்கும் கோணம் 157.5 பாகை ஆதலால் ஓடும் குதிரை மூலையை உணர்வதேயில்லை. எட்டுப் பக்கங்கள் போதா. முப்பத்திரண்டு தச்சருக்குத் தொல்லை.

இரண்டு தளங்களைக் கொண்ட இக்கட்டடத்தின் கீழ்த்தளம் செங்கல்லாலும் மேல்தளம் மரத்தாலும் ஆனவை. சரிவான மண்மேடு ஒன்றன்வழிக் குதிரைகள் மேல்தளத்திற்கு ஏறும். மேல்தளத்தின் நடுவே எண்கோண வடிவில் கதிரை அடுக்கி வைக்கும் இடம். அதைச் சுற்றி வளையமாக மிதிக்கும் தளம். இத்தளத்தின் மரச்சட்டங்கள் நெருக்கமாக அல்லாமல் ஒன்றரை அங்குல இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டன. குதிரைகள் மிதிக்க மிதிக்க மணி இவ்விடைவெளி வழியே கீழே விழும். வைக்கோல் மேலேயே தங்கும். இடைவெளி குறைந்தால் மணி அடைத்துக்கொள்ளும். கூடினால் வைக்கோலும் சேர்ந்து விழுவதோடு குளம்பும் சிக்கக்கூடும். கட்டடத்தின் மற்றெல்லாக் கூறுகளும் இவ்வொன்றரை அங்குலத்தைச் சுற்றியே அமைந்துள்ளன என்றால் மிகையாகாது. தரை என்பது தாங்குவதற்கு உரியது என்னும் பொதுக்கருத்தை மாற்றி, தரையையே சல்லடையாக்கியமை மிக அரிய கற்பனையாகும்.

ஒப்பனை என ஒன்றும் இதில் இல்லை. அக்கால ஆங்கிலப் பண்ணைக் கட்டடங்களில் கிரேக்க, உரோமானியக் கட்டடக் கூறுகள் ஆங்காங்கே தலைகாட்டும். மாடும் ஆடும் அடைபடும் தொழுவத்திற்குங்கூடக் கோயில் முகப்பு வைத்தவர் உண்டு. டோக் ரன் கொட்டகையின் அழகு அதன் பயனிலிருந்தே பிறக்கின்றது. 1826-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹான்காக்கில் ஷேக்கர் சமயத்தார் கட்டிய வட்டக் கற்கொட்டகையோடு இதனை ஒப்பிடுவோர் உண்டு. அது பசுக்களுக்குத் தீனி வைப்பதற்காக அமைந்தது. வட்டம் என்னும் ஒற்றுமையைத் தவிர இரண்டிற்கும் உறவில்லை.

கீழ்த்தளத்திற்கு வேண்டிய செங்கற்களை வாசிங்டன் தாமே கணக்கிட்டார்: 30,820. இவ்வெண் பலராலும் வியப்போடு எடுத்துக்காட்டப்படுவது. நாட்டை ஆளும் பணிகளுக்கு இடையே தம் கொட்டகைக்கு இத்தனை செங்கல் எனத் துல்லியமாகக் கணக்கிட்ட மனிதர் என்னும் வியப்பு அதில் அடங்கியுள்ளது. நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்பது எப்பொழுதும் ஆர்வத்தின் வெளிப்பாடு மட்டுமன்று. தொலைவில் இருப்பவர் கணக்குக் கேட்கும்போது, அருகில் இருப்பவரை நம்பவில்லை என்பதும் அதனுள் பொதிந்துள்ளது. விதை திருடுபோவதைத் தடுக்க விதையோடு மணலைக் கலந்து கொடுக்குமாறு விட்டிங்கிற்குக் கட்டளையிட்டவர் வாசிங்டன். அதே நெஞ்சம்தான் இக்கொட்டகையையும் வரைந்தது. மேல்தளத்தில் மிதிபட்ட மணி எவர் கையிலும் படாமல் நேராகக் கீழ்த்தளத்திற்கு விழுகின்றது. கீழ்த்தளம் பூட்டுக்கு உட்பட்டது. அந்த ஒன்றரை அங்குல இடைவெளி மண்ணையும் மழையையும் மட்டும் தவிர்க்கவில்லை. மணிக்கும் மனிதக் கைக்கும் இடையிலான தொடர்பையும் அறுத்துவிடுகின்றது.

இவ்விடத்துத் தமிழ் மரபோடு ஒரு சிறு ஒப்பீடு தகும். தொல்காப்பியப் புறத்திணையியல் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் ஒருங்கே சுட்டுகின்றது. உழவரின் களமும் வீரரின் களமும் ஒன்றற்கொன்று உவமையாதல் நம் இலக்கியத்தில் தொடர்ந்து வரும் வழக்கு. போர்க்களத்துத் தலைவராகப் புகழ்பெற்றுப் பின்னர் ஏர்க்களத்தை வரைந்த வாசிங்டனிடம் இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்து வந்து கூடுகின்றன. ஆயின், ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழர் களம் திறந்த வெளி. அறுத்தவர், அடித்தவர், தச்சர், கொல்லர், இரவலர் எனப் பலரும் தத்தம் பங்கை நாடி வந்து நிற்கும் இடம் அது. அப்பங்கீடு நேர்மையாகவே நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. களத்துமேட்டுக் கூலியின் வரலாறு கசப்பானது. ஆனால் பங்கு கேட்போர் வந்து நிற்பதற்கு அங்கு இடமாவது இருந்தது. பூட்டிய களத்திற்கு முன் அப்படி வந்து நிற்க எவருக்கும் இடமில்லை.

ஒரே கடிதத்தில் இரு கட்டடங்கள்

1793 டிசம்பரில் தம் பண்ணைகளைக் குத்தகைக்கு விடும் எண்ணத்தோடு வாசிங்டன் ஆர்தர் யங்கிற்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒவ்வொரு பண்ணையின் நிலம், நீர், கட்டடம் ஆகியவற்றை விரித்துரைக்கும் அக்கடிதம், இப்பண்ணைகளின் கட்டடக்கலையைத் திறனாய்வோர்க்கு வரைபடத்தைவிடவும் முதன்மையான சான்று என்பேன். டோக் ரன் பண்ணையைப் பற்றிய பகுதியில், கட்டி முடிவுறும் நிலையிலிருந்த வட்டக் கொட்டகை புதிய அமைப்புடையது என்றும், வழக்கமான முறையைவிட விரைவாக மணியைப் பிரிக்கவல்லது என்றும் பெருமிதம் தோன்றக் கூறுகின்றார். வேலைக்குதிரைகளும் எருதுகளுமாக முப்பதிற்குப் போதுமான தொழுவங்கள் எழும்பி வருவதாகவும் கூறுகின்றார். அதே பகுதியில், நாற்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்குப் போதிய 'கூரை' உண்டு என்னும் செய்தியும், முன்பு சொன்னதைப் போன்றதே அது என்னும் குறிப்பும் வருகின்றன. முன்பு சொன்னது எது எனத் தேடினால், யூனியன் பண்ணைக் குடியிருப்புகள் இங்கிலாந்துக் கூலியாட்களுக்குப் போதுமானவையாகக் கருதப்படாமல் போகலாம் என்னும் ஒப்புதல் கிடைக்கின்றது.

இவ்வொப்புதலை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். வாசிங்டனுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. நல்ல கட்டடம் எது, போதாத கட்டடம் எது என்பதை அளந்தறியும் கண் அவருக்கு இருந்தது. குதிரையின் நடைக்கேற்ப மூலையின் கோணத்தை மாற்றியவர். மணியின் பருமனுக்கேற்ப மரத்தின் இடைவெளியைக் குறித்தவர். அதே கண் குடியிருப்பைக் கண்டது, குறை எனவும் அறிந்தது, பின்னர் 'கூரை' என்ற ஒரு சொல்லோடு கடந்து சென்றது. அறியாமையால் நேர்ந்த விடுபாடு வேறு, அறிந்தே செய்த விடுபாடு வேறு. முன்மாதிரிப் பண்ணையின் மெய்யான வரைபடம் இவ்விரு கட்டடங்களையும் சேர்த்தே வரையப்பட வேண்டியது.

மலேசியத் தமிழர் 'எஸ்டேட்' என்னும் சொல்லைத் 'தோட்டம்' என்றே வழங்கிப் பழகியவர். அச்சொல்லைக் கேட்டதும் நம்முள் பலருக்குத் துரை பங்களா நினைவிற்கு வருவதில்லை. வரிசையாக நிற்கும் லயன் வீடுகளே வரும். வர்ஜீனியாவின் அடிமை முறையும் இந்நாட்டின் தோட்ட வாழ்வும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றெனக் காட்டுவது இரண்டிற்கும் இழைக்கும் தவறு. ஆயினும் ஒரு பண்ணையைப் பார்க்கையில் முதலில் எக்கட்டடத்தைத் தேடவேண்டும் என்னும் பழக்கத்தை நம் வரலாறு நமக்குத் தந்துள்ளது. அதனை மறைத்துக்கொண்டு எழுத வேண்டிய தேவை இல்லை.

கட்டியவர் யார் என்னும் வினாவும் இதனோடு சேர்ந்தது. தாமஸ் கிரீன் என்னும் கூலித் தச்சரின் மேற்பார்வையில் அடிமைத் தச்சர்கள் வேலை செய்தனர். 1799-இல் வாசிங்டன் தம் கையால் எழுதிய அடிமைகளின் பட்டியலில் ஐசக், சாம்போ, ஜேம்ஸ் ஆகியோர் தச்சர்களாக இடம்பெறுகின்றனர். அவ்வாண்டில் மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகளின் மொத்த எண்ணிக்கை 317. பதினாறு பக்கக் கட்டடத்தில் ஒவ்வொரு மரமூட்டும் வழக்கமான செங்கோணத்திலிருந்து விலகியது. கூரையின் ஒவ்வொரு சட்டமும் மையத்தை நோக்கிச் சரியாக வந்து கூட வேண்டியது. தாளில் வரைவதற்கும் மரத்தில் அறுப்பதற்கும் இடையிலான தொலைவை அறிந்தவர்க்கு, இதனை 'வாசிங்டனின் கொட்டகை' என்று மட்டும் கூறுவது எவ்வளவு குறைபாடானது என்பது விளங்கும். மவுண்ட் வெர்னனின் தச்சர் குழுவைச் சேர்ந்த சாம்போ ஆண்டர்சன் 1801-இல் விடுதலை பெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர் அவர்.

மீண்டும் எழுந்த கொட்டகை

இக்கொட்டகையைப் பிறர் பின்பற்றிக் கட்டியது மிகக் குறைவு. கதிரடி இயந்திரங்கள் பரவியதும் குதிரையால் மிதிக்கும் களத்தின் காலம் முடிந்தது. ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரு மீக்கில் 1780-களிலேயே அத்தகைய இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். ஆக, ஒரு முறைமை மறையவிருந்த காலத்தில் அதன் உச்ச வடிவமாக எழுந்தது இக்கட்டடம். முன்மாதிரி என்பது பின்வருவோர்க்குரியது என்றால், இதனை முன்மாதிரி என அழைப்பதற்கே தயங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இது சிதைந்து மறைந்தது. வாசிங்டன் வரைந்த படமும், அவர் கடிதங்களும், சிதைந்த நிலையில் எடுக்கப்பட்ட ஓர் ஒளிப்படமும் எஞ்சின.

இவற்றைத் துணையாகக் கொண்டு 1996-இல் பொட்டோமாக் ஆற்றங்கரையில் கொட்டகை மீண்டும் கட்டப்பட்டது. முதற்கட்டடம் நின்ற டோக் ரன்னில் அன்று. வருகையாளர் எளிதில் சென்று காணத்தக்க வேறிடத்தில். பழைய கருவிகளைக் கொண்டும் பழைய முறைகளைப் பின்பற்றியும் எழுப்பப்பட்ட இம்மீட்டுருவாக்கம், தொழில்நுட்ப வகையில் மிகுந்த பொறுப்போடு செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. குதிரைகள் சுற்றி ஓடுகின்றன, மணி கீழே பொழிகின்றது, பார்ப்போர் மகிழ்கின்றனர். ஆனால், 1996 முதல் 2007 வரையிலான பதினோர் ஆண்டுகள் அப்பண்ணைக் காட்சியில் கொட்டகை இருந்தது, அங்கு உழைத்தோரின் வீடு இல்லை. 1793-ஆம் ஆண்டுக் கடிதத்தின் முன்னுரிமை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வாறே பேணப்பட்டது போலும். 2007-இல்தான் அடிமைக் குடும்பம் ஒன்று வாழ்ந்த வகையைக் காட்டும் ஒற்றையறை வீடு, மரக்கட்டைகளை அடுக்கிக் களிமண் பூசி, கொட்டகைக்கு அருகில் கட்டப்பட்டது. 2016-இல் அடிமை மக்களின் வாழ்வை மையமாகக் கொண்ட கண்காட்சி ஒன்றும் மவுண்ட் வெர்னனில் தொடங்கப்பெற்றது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள்.

இரு கட்டடங்களையும் மீட்டெடுக்கக் கிடைத்த சான்றுகளின் தன்மையை மட்டும் இங்குக் குறிப்பிட விழைகிறேன். கொட்டகைக்கு அளவுகளோடு கூடிய வரைபடம் இருந்தது. செங்கல்லின் எண்ணிக்கை இருந்தது. மரச்சட்டத்தின் பருமனும் இடைவெளியும் கடிதத்தில் இருந்தன. வீட்டிற்கு அத்தகைய வரைபடம் எதுவுமில்லை. பழைய ஒளிப்படம் ஒன்றையும் சிதறிக் கிடந்த எழுத்துக் குறிப்புகளையும் கொண்டே அதனைக் கட்ட வேண்டியிருந்தது.